எல்லா வீட்டுக்கும் ஒரு பிரதி: ஊர்ப் புகைப்பட நூலைக் குறைந்த செலவில் அச்சிடுவது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுக்காத கேமரா இல்லை எனலாம். சினிமாக்காரர்கள் வருகிறார்கள், சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலிலும் இடம்பெற்றன. அந்த வீடுகளின் பட்டாலைச் சுவர்களில் ரங்கூன், பினாங்கு, கொழும்பு ஸ்டுடியோக்களில் எடுத்த படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அதே ஊரின் அடுத்த தெருவில் ஒரு படம்கூட மாட்டாத வீடுகளும் உண்டு. அங்கே இருக்கும் முதியவருக்கு வாக்காளர் அட்டையில் உள்ள படம்தான் வாழ்நாளின் ஒரே படமாக இருக்கும். இரண்டு தெருப் பிள்ளைகளும் எங்கள் பள்ளியில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

காரைக்குடியை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் பணியாற்றுகிறேன். ஊர் மக்களின் படங்களைத் திரட்டி மாணவர்களே ஒரு புகைப்பட நூல் உருவாக்கும் பணியில் நானும் இருந்தேன். ஆண்டு விழா, பள்ளியின் நூற்றாண்டு விழா, ஊர்த் திருவிழா என்று பல பள்ளிகளில் இப்படி ஒரு நூல் பற்றிய பேச்சு எழுகிறது. படம் சேகரிப்பதில் பிள்ளைகளுக்கு ஊக்கம் குறைவதில்லை. "எந்த அளவு, எந்தத் தாள், எத்தனை பிரதி?" என்று அச்சகத்தார் கேட்கும்போதுதான் பெரும்பாலான முயற்சிகள் நின்றுபோகின்றன. அந்த இடத்தைக் கடக்க உதவும் செய்திகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

விலையை முதலில் முடிவு செய்வோம்

நல்ல புத்தகம் ஒன்றைத் திட்டமிட்டு, செலவைக் கணக்கிட்டு, பிறகு விலை வைப்பதுதான் வழக்கம். ஊர்ப் புகைப்பட நூலுக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். நூலில் இடம்பெறும் மிக எளிய குடும்பம் எவ்வளவு கொடுத்து வாங்க முடியும் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். அந்த விலைக்குள் எப்படிப்பட்ட நூல் சாத்தியம் என்பது அடுத்த கேள்வி.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தாய்மார்களிடம் இதைக் கேட்டோம். ஒருவர் சொன்னார்: "அம்பது ரூவாய்னா நாங்களே வாங்கிருவோம் டீச்சர். நூறுன்னா வீட்டுல கேட்டுட்டுத்தான் சொல்லணும்." அந்த ஒரு வரிதான் எங்கள் நூலின் அளவு, தாள், வண்ணம் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

செட்டிநாட்டைப் பற்றி அழகான பெரிய நூல்கள் உண்டு. எஸ். முத்தையா, மீனாட்சி மெய்யப்பன், விசாலாட்சி இராமசாமி ஆகியோர் 2000-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி செட்டியார் ஹெரிடேஜ்' அவற்றில் புகழ்பெற்றது. அவ்வகை நூல்கள் செய்ய வேண்டிய வேலை வேறு. நம் வேலை வேறு. படத்தில் இருப்பவர் வீட்டில் அந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்பதே நம் இலக்கு. இதற்கும் நம் வட்டாரத்தில் ஒரு முன்னோடி உண்டு. செட்டிநாட்டைச் சேர்ந்த இராயவரத்தில் பிறந்த சக்தி வை. கோவிந்தன், 1950-களில் பாரதியார் கவிதைகளை மலிவுப் பதிப்பாக வெளியிட்டார். எளியவர் வாங்கும் விலையில் நூல் இருக்க வேண்டும் என்பதைத் தம் பதிப்புப் பணியில் கொள்கையாகவே வைத்திருந்தவர் அவர்.

நான்கு வழிகள்

ஒரு புகைப்பட நூலை அச்சிட இன்று நம் ஊர்களில் நான்கு வழிகள் உள்ளன.

1. ஸ்டுடியோ ஆல்பம்: திருமணத்துக்குச் செய்வார்களே, அந்தக் கரிஷ்மா ஆல்பம். படம் மிகத் தெளிவாக இருக்கும். பக்கங்கள் தட்டையாக விரியும். ஆனால், ஒரு பிரதிக்கே ஆயிரக்கணக்கில் செலவாகும். பள்ளியில் வைக்க ஒரே ஒரு பிரதி போதும் என்றால் மட்டும் இதை நினைக்கலாம்.

2. ஜெராக்ஸ்: மிக மலிவு. எழுத்துக்கு ஏற்றது, படத்துக்கு ஏற்றதல்ல. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் தொலைந்துபோவதால் முகங்கள் அடையாளம் தெரியாமல் போகும். மாதிரிப் படி தயாரித்துப் பிழை திருத்த இது நல்ல வழி.

3. டிஜிட்டல் அச்சு: கணினியிலிருந்து நேரடியாக அச்சாகிறது. பிளேட் செலவு இல்லை. பத்துப் பிரதி, ஐம்பது பிரதிகூட எடுக்கலாம். ஆனால், பத்தாவது பிரதிக்கும் ஐந்நூறாவது பிரதிக்கும் விலை அதிகம் மாறாது.

4. ஆஃப்செட் அச்சு: பிளேட் தயாரிப்பு, இயந்திரத்தை ஆயத்தப்படுத்துதல் எனத் தொடக்கச் செலவு அதிகம். அதன் பிறகு தாள், மை, கட்டுமானம் மட்டுமே. பிரதிகள் கூடக்கூட ஒரு பிரதியின் விலை இறங்கிக்கொண்டே போகும். நம் பாடநூல்களும் சிவகாசி நாட்காட்டிகளும் இப்படித்தான் அச்சாகின்றன. காரைக்குடியிலேயே கலியாணப் பத்திரிகையும் திருவிழா அழைப்பிதழும் அடிக்கும் அச்சகங்கள் உள்ளன. மதுரை, சிவகாசியிலும் விலை கேட்கலாம்.

உண்மையான தேர்வு கடைசி இரண்டுக்கும் இடையில்தான். அதைத் தீர்மானிப்பது பிரதிகளின் எண்ணிக்கை.

எத்தனை பிரதி? எட்டாம் வகுப்புக் கணக்கு

அச்சு விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே, கீழுள்ள எண்களை எடுத்துக்காட்டாக மட்டும் கொள்ளுங்கள். கணக்கிடும் முறைதான் முக்கியம்.

64 பக்க நூல் ஒன்றுக்கு டிஜிட்டல் அச்சில் பிரதிக்கு 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆஃப்செட்டில் தொடக்கச் செலவு 24,000 ரூபாய். அதன் பின் பிரதிக்கு 30 ரூபாய். பிரதிகளின் எண்ணிக்கை x என்றால், டிஜிட்டல் செலவு 110x. ஆஃப்செட் செலவு 24,000 + 30x. இரண்டும் சமமாகும் இடம் எது? 80x = 24,000; ஆக x = 300.

100 பிரதி: டிஜிட்டல் 11,000 ரூபாய், ஆஃப்செட் 27,000 ரூபாய்.
300 பிரதி: இரண்டுமே 33,000 ரூபாய்.
500 பிரதி: டிஜிட்டல் 55,000 ரூபாய், ஆஃப்செட் 39,000 ரூபாய். ஆஃப்செட்டில் ஒரு பிரதி 78 ரூபாய்.
1,000 பிரதி: ஆஃப்செட் 54,000 ரூபாய், ஒரு பிரதி 54 ரூபாய்.

இதை வரைபடத் தாளில் இரண்டு நேர்கோடுகளாக மாணவர்கள் வரைந்தால், அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி எதைச் சொல்கிறது என்பது அவர்களுக்கே விளங்கும். நேரியல் சமன்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு பாடநூலுக்கு வெளியே எனக்குக் கிடைத்ததில்லை.

"ஆயிரம் அடித்தால் விலை குறைகிறதே" என்ற ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம். ஊரில் 400 வீடுகள் இருந்தால் மீதிப் பிரதிகள் பள்ளி அலமாரியில் கரையானுக்குத்தான் இரை. முன்பதிவுப் பட்டியலை மாணவர்கள் வீடு வீடாகச் சென்று எடுக்கட்டும். அதோடு நூலகங்களுக்கும் வெளியூர் அன்பர்களுக்கும் தேவையானதைச் சேர்த்து எண்ணிக்கையை முடிவு செய்யலாம்.

78 ரூபாய் அடக்கமுள்ள நூலை 50 ரூபாய்க்கு எப்படிக் கொடுப்பது? இங்கேதான் செட்டிநாட்டின் பலம் கைகொடுக்கிறது. இந்த ஊர்களிலிருந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் ஏராளம். ஊர் விலை 50, வெளியூர் விலை 200 என்று வைத்தால், உள்ளூரில் 380 பிரதிக்கு 19,000 ரூபாய். வெளியூரில் 100 பிரதிக்கு 20,000 ரூபாய். மொத்தம் 39,000 ரூபாய். செலவு சரியாகிவிட்டது, நூலகங்களுக்கு 20 பிரதி கையிலும் இருக்கிறது. நன்கொடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை; அட்டையில் விளம்பரமும் தேவையில்லை.

பணம் தொடர்பாகச் சில ஒழுங்குகள் கட்டாயம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். எந்த மாணவரிடமும் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது. ரசீது, வரவு செலவுக் கணக்கு இரண்டையும் கூட்டத்தில் வாசித்துவிடுங்கள்.

அளவு: டெம்மியா, கிரௌனா?

தமிழ் நூல்களில் மிகுதியாகக் காணப்படுவது டெம்மி 1/8. டெம்மித் தாள் 17.5 × 22.5 அங்குலம். அதை எட்டு இதழ்களாக மடித்து ஓரம் வெட்டினால் ஏறத்தாழ 14 × 21.5 சென்டிமீட்டர் வரும். இதழுக்கு இரண்டு பக்கம் வீதம் 16 பக்கம். இதைத்தான் அச்சகத்தில் ஒரு பாரம் என்கிறார்கள். கிரௌன் தாள் 15 × 20 அங்குலம். அதன் கால் பங்கு, வெட்டிய பின் சுமார் 18 × 24 சென்டிமீட்டர். படங்களுக்கு இது வசதியான அளவுதான். ஆனால் டெம்மி 1/8-ஐவிட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தாள் பிடிக்கும்.

புகைப்பட நூல் என்றதும் அகலவாக்கில் விரியும் வடிவத்தைப் பலர் விரும்புவார்கள். அந்த வடிவத்தில் தாள் வீணாகுமா, கட்டும் செலவு கூடுமா என்பதை அச்சகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் டெம்மி 1/8-ஐத் தேர்ந்தெடுத்தோம்.

அப்படியானால் அகலமான குழுப் படங்களை என்ன செய்வது? வரிசைக்கு 15 பேர் நிற்கும் பழைய பள்ளிக் குழுப் படம் ஒன்று. டெம்மிப் பக்கத்தில் நேராக வைத்தால் ஓரம் போக 12 சென்டிமீட்டர் கிடைக்கும். ஒருவருக்கு 8 மில்லிமீட்டர் இடம். முகம் நெல்லளவுதான் தெரியும். அதே படத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் 19 சென்டிமீட்டர். ஒருவருக்கு ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். முகம் தெரிகிறது. வாசகர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். குழுப் படத்தை இரு பக்கங்களுக்கும் பரப்பி வைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். நடு மடிப்புக்குள் நான்கைந்து பேர் காணாமல் போவார்கள். அவர்களில் ஒருவர் யாரோ ஒரு மாணவரின் தாத்தாவாக இருப்பார்.

வண்ணம் எங்கே தேவை?

செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் வண்ணம்தான். ஒற்றை வண்ண அச்சுக்கு ஒரு பிளேட் போதும். மல்டிகலருக்கு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட்டுகள் வேண்டும்.

பழைய படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். அவற்றுக்கு வண்ண அச்சு தேவையில்லை. வண்ணம் இல்லாவிட்டால் பொருளே போய்விடும் படங்களை மட்டும் பிரித்தெடுங்கள். எங்கள் நூலில் அவை மூன்று வகை: கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றிச் சிமெண்டில் வார்க்கும் ஆத்தங்குடித் தளக்கற்கள், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைகள், மாணவர்கள் வரைந்த ஓவியங்கள். இவற்றை ஒரே பாரத்தில் சேர்த்துவிட்டால் 64 பக்கத்தில் 16 பக்கத்துக்கு மட்டுமே வண்ணச் செலவு.

எந்த 16 பக்கம் என்பது கட்டும் முறையைப் பொறுத்தது. பாரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முதுகில் பசை இடுவது பெர்ஃபெக்ட் பைண்டிங். அதில் 1-16, 17-32, 33-48, 49-64 என்று பாரங்கள் அமையும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நடுவில் கம்பி அடிப்பது சென்டர் பின். அதில் வெளிப் பாரத்தில் 1-8, 57-64 பக்கங்கள் வரும். நடுப் பாரத்தில் 25-40. ஆகவே, சென்டர் பின் நூலில் வண்ணப் படங்களை 25 முதல் 40 வரை வைத்தால் நடுவில் தொடர்ச்சியாக அமையும். கட்டும் முறையை முடிவு செய்யாமல் பக்க அமைப்பைத் தொடங்க வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

இன்னும் சிக்கனம் வேண்டுமானால் தாளின் ஒரு புறத்தை மட்டும் வண்ணத்தில் அடிக்கலாம். அப்போது எந்தப் பக்கங்கள் வண்ணமாகும் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். ஒரு தாளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி மூன்று முறை மடியுங்கள். வெட்டாமல், மூலைகளைத் தூக்கிப் பார்த்து 1 முதல் 16 வரை எண்ணிடுங்கள். பிறகு விரித்தால் ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16. மறு புறத்தில் 2, 3, 6, 7, 10, 11, 14, 15. இந்தச் செயல்பாட்டை ஐந்தாம் வகுப்பிலும் செய்யலாம். எண்கள் தலைகீழாக நிற்பதைக் கண்டு பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே பாடமாகிவிடும்.

தாளும் கட்டும்

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அலகால் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே அது. 60, 70 ஜி.எஸ்.எம். தாளில் ஒரு பக்கத்துப் படம் மறுபக்கம் நிழலாகத் தெரியும். படத்துக்கு 100 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ குறைந்தபட்சத் தேவை. வண்ணப் பாரத்துக்கு மட்டும் ஆர்ட் பேப்பர் கேட்கலாம். மேப்லித்தோ மலிவானது, எழுத்தும் படமும் கலந்த நூலுக்குப் பொருந்துவது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் தயாரிப்பதை வகுப்பில் சொல்லலாம்.

மேப்லித்தோவில் ஒரு சிக்கல் உண்டு. ஆஃப்செட் அச்சில் சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. சிறிதும் பெரிதுமான கறுப்புப் புள்ளிகள்தான் நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகின்றன. அறிவியல் ஆய்வகத்தின் உருப்பெருக்கிக் கண்ணாடியால் செய்தித்தாள் படத்தைப் பார்த்தால் இது புரியும். மேப்லித்தோ மையை உறிஞ்சுவதால் புள்ளிகள் சற்று விரிகின்றன; கருமையான பகுதிகள் மேலும் கருமையாகின்றன. அதனால் திரையில் பார்க்கும்போது சற்று வெளிறித் தோன்றும்படி படத்தை டி.டி.பி. செய்பவர் திருத்த வேண்டும். நம் மக்களின் முகங்கள் மாநிறமும் கருநிறமும் கொண்டவை. இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் கண்ணும் மூக்கும் தெரியாமல் முகமே கறுப்பாகிவிடும். அச்சிடப் போகும் அதே தாளில் இரண்டு படங்களுக்கு மாதிரி அச்சு கேட்டுப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

64 பக்கத்துக்குச் சென்டர் பின் போதுமானது, மலிவானது, நன்றாக விரியும். ஆர்ட் பேப்பரில் பசைக் கட்டு சரியாகப் பிடிக்காவிட்டால் இதழ்கள் உதிரும். நூலகங்களுக்கான பத்துப் பிரதிகளை மட்டும் நூலால் தைத்துக் காலிகோ கட்டாகச் செய்து தரச் சொல்லுங்கள். அந்தக் கூடுதல் செலவை ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளலாம். அட்டைக்கு 250 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டும் மேட் லேமினேஷனும் போதும்.

படத்தை அச்சுக்கு ஆயத்தம் செய்தல்

அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது பொது விதி. பக்கத்தில் நேராக வைக்கும் படம் சுமார் நாலரை அங்குலம். 1,350 பிக்சல் போதும். பக்கவாட்டில் திருப்பி வைக்கும் படம் ஏழரை அங்குலம். 2,250 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். அதைப் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய சிறிய படங்களை 600 டி.பி.ஐ.-இல் ஸ்கேன் செய்வது நல்லது.

பழைய படங்களைக் கையாள நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் சில:

படம் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. நாம்தான் அங்கே செல்ல வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயலக் கூடாது. படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். முகப்பிலோ வளவிலோ நிழலான வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கேமராவுக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொள்ள, கண்ணாடிக்கு வெளியிலிருந்தே எடுக்கலாம். பிரதிபலிப்பு விழாது.

படத்தின் பின்புறத்தையும் எடுக்க வேண்டும். ஸ்டுடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும். சட்டத்தைக் கழற்றாமல் பின்புறம் தெரியாது என்றால் அதை விட்டுவிடுவதே நல்லது.

படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாகப் பெயர் கேட்டு எழுதி, கொடுத்தவரிடம் படித்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். இன்று படிக்கும் குழந்தைகளின் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை. வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்தை மறுமுறை கேட்க வேண்டாம்.

பக்கங்களைப் பங்கிடுதல்

64 பக்கம் என்று முடிவானதும் இன்னொரு கேள்வி எழுகிறது. யாருக்கு எத்தனை பக்கம்? பெரிய வீட்டிலிருந்து நாற்பது படம் கிடைக்கும். எல்லாமே அருமையாக இருக்கும். தளக்கல் வார்ப்பவர், நெசவாளர், கொத்தனார், சமையல்காரர் வீடுகளிலிருந்து ஒன்றோ இரண்டோ வரும். சில வீடுகளிலிருந்து எதுவும் வராது. கிடைத்ததை வைத்து அடுக்கினால் ஊர் நூல் சில வீடுகளின் ஆல்பமாகிவிடும்.

எனவே, முதல் சுற்றில் ஒரு வீட்டுக்கு ஒரு படம் என்று விதி வைத்தோம். படமே இல்லாத வீடுகளில் மாணவர்கள் புதிதாக எடுத்தார்கள். அவர்கள் விரும்பும் இடத்தில், விரும்பும் உடையில், உட்கார்ந்தோ நின்றோ. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அப்பத்தாவைப் படமெடுக்கப் போனபோது, அவர் பெட்டியைத் திறந்து கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு வந்து, "இப்ப எடு ஆத்தா" என்றாராம். அந்தப் படம் வண்ணப் பாரத்தில் முழுப் பக்கமாக வந்தது. மலிவான அளவைத் தேர்ந்தெடுத்ததால்தான் அந்த வீடும் 50 ரூபாய் கொடுத்து அதை வாங்க முடிந்தது.

எல்லாப் பெயரும் ஒரே எழுத்தளவில் இருக்கட்டும். உதவியவர்கள் பட்டியலை அகர வரிசையில் போடுங்கள். தொகை வரிசையில் வேண்டாம்.

அச்சகத்தில் கேட்க வேண்டியவை

குறைந்தது மூன்று இடங்களில் ஒரே விவரத்தைக் கொடுத்து எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். விவரம் மாறினால் ஒப்பிட முடியாது. ஒரே தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள்:

1. அளவு, மொத்தப் பக்கம், பிரதிகள் (300, 500, 1,000 என மூன்றுக்கும் தனித்தனி விலை).
2. உள் தாளின் வகை, ஜி.எஸ்.எம்.; வண்ணப் பாரம் எத்தனை, ஒற்றை வண்ணப் பாரம் எத்தனை.
3. அட்டை, லேமினேஷன், கட்டும் முறை.
4. பக்க வடிவமைப்புக் கட்டணம் சேர்ந்ததா? எத்தனை முறை திருத்தம் இலவசம்?
5. அதே தாளில் மாதிரி அச்சு உண்டா?
6. வரியும் வண்டிச் செலவும் விலையில் அடங்குமா?
7. எத்தனை நாளில் கிடைக்கும்? முன்பணம் எவ்வளவு?
8. வேலை முடிந்ததும் அச்சுக்கான கணினிக் கோப்பைப் பள்ளிக்குத் தருவார்களா?

எட்டாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். கோப்பு நம்மிடம் இருந்தால் ஐந்தாண்டு கழித்தும் மறு அச்சு எளிது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாட்காட்டி, டைரி வேலையால் அச்சகங்கள் நெருக்கடியில் இருக்கும். அந்தக் காலத்தைத் தவிர்ப்பதும் நன்று.

மெல்லிய நூல் எவ்வளவு காலம் நிற்கும்?

"இவ்வளவு மலிவாக அடித்தால் நாலு வருஷம் தாங்குமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கான விடையும் காரைக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகைகள் எழுதிய ஓவியர். அவர் திரட்டிய நூல்களும் இதழ்களும் ஏறத்தாழ ஒரு லட்சம். அவற்றோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், சிறு பாட்டுப் புத்தகம் என்று பிறர் தூக்கிப்போடும் மெல்லிய அச்சுகளையும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994 முதல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. அன்று அணாக் கணக்கில் விற்ற தாள்கள் இன்று ஆய்வாளர்களின் மேசையில் இருக்கின்றன. கனமான அட்டை அவற்றைக் காப்பாற்றவில்லை. ஒருவர் எடுத்து வைத்ததால்தான் நின்றன.

புகைப்படங்களுக்கும் இப்படி ஒரு பணி நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களையும் குடும்பப் படங்களையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மின்னுருவாக்கியுள்ளது. நம் மாணவர்கள் திரட்டுவதும் அதே வகைச் செல்வம்தான். கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்று, 1940-இல் காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆகவே நூல் அச்சானதும் சில பிரதிகளை இடம் பார்த்து வையுங்கள். 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியிடப்படும் நூல்களின் பிரதிகள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் செல்ல வேண்டும். ஊர் நூலகம், சிவகங்கை மாவட்ட மைய நூலகம், அழகப்பா பல்கலைக்கழக நூலகம், ரோஜா முத்தையா நூலகம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு பிரதி தாருங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணை நம் நாட்டில் கட்டணமின்றிப் பெறலாம். ஸ்கேன் செய்த மூலப் படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பதிந்து இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

ஒரு விலை உயர்ந்த நூல் இருபது வீடுகளில் இருப்பதைவிட ஓர் எளிய நூல் நானூறு வீடுகளில் இருப்பது அந்த நூலுக்கே பாதுகாப்பு. மழை, கரையான், வீடு மாறுதல் எல்லாம் போக எங்கோ சில பிரதிகள் மிஞ்சும். இந்தக் கல்வியாண்டில் உங்கள் பள்ளியிலும் தொடங்கிப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் "எவ்வளவு கொடுத்து வாங்குவீர்கள்?" என்று கேட்பதுதான் முதல் வேலை. மற்ற முடிவுகளை அந்தப் பதிலே எடுத்துக் கொடுக்கும்.